விண்ணுலகப் பேச்சும் வீட்டுப் பேச்சும்

பேச்சில் வாழும் மொழிகள் ஒரு வகை. ஏட்டில் மட்டும் நிற்கும் மொழிகள் மற்றொரு வகை. மொழிகளை இவ்வாறு இரு கூறாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. தனி ஒருவர் மேசை முன் அமர்ந்து, ஒலியும் சொல்லும் இலக்கணமும் தாமே வகுத்துப் படைத்த மொழி அது. வார்சா நகரில் வாழ்ந்த கண் மருத்துவர் சாமெனாப் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழியைப் பற்றி நம்மில் பலர் கேள்வியுற்றிருப்பர். நாடுகளுக்கிடையே நல்லுறவு வளர வேண்டும் என்ற நன்னோக்கத்தோடு அவர் அதனை ஆக்கினார்.

அதனினும் விந்தையான செய்தி ஒன்றுண்டு. மண்ணுலக மாந்தர் எவருக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், வேற்றுக் கோள்களில் வாழ்வதாகக் கதையிற் சொல்லப்படும் மக்களுக்கென்றே ஆக்கப்பட்ட மொழிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அகராதி இருக்கிறது, இலக்கண நூல் இருக்கிறது, கற்போரும் இருக்கின்றனர். பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடலாம். எனினும், சற்று ஊன்றிப் பார்த்தால், நம் தாய்மொழியைப் பற்றியும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் அம்மொழி அடைந்திருக்கும் நிலையைப் பற்றியும் இவை நமக்குச் சொல்லும் பாடங்கள் சில உள்ளன. ஆதலின் அவற்றுள் இரண்டை இங்கே ஆராய்வோம்.

கிளிங்கன் மொழி பிறந்த கதை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடர்கதை தொடங்கிற்று. அதில் 1967ஆம் ஆண்டு முதல் கிளிங்கன் என்னும் போர்க்குணம் மிக்க இனத்தார் தோன்றினர். தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலமே பேசினர். அக்கதை 1979இல் திரைப்படமானபோது, அவர்களுக்கென்று சில சொற்கள் வேண்டியிருந்தன. தொடரில் பொறியாளராக நடித்த ஜேம்ஸ் டூஹன் ஒருசில முரட்டுச் சொற்களை அமைத்துக் கொடுத்தார்.

பின்னர், 1984இல் வெளியான மூன்றாம் படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியல் அறிஞரை அழைத்தனர். அவர் அப்போது செவிப்புலன் குறைந்தோருக்காகத் தொலைக்காட்சித் திரையில் எழுத்து வரிகள் காட்டும் பணியில் ஈடுபட்டிருந்தவர். டூஹன் ஆக்கிய அந்தச் சில சொற்களைத் தள்ளிவிடாமல் அடிப்படையாக வைத்துக் கொண்டு, ஒரு முழு மொழியையே அவர் கட்டினார். 1985இல் கிளிங்கன் அகராதி நூலாக வெளிவந்தது. அந்நூலில் அவர் ஒரு வேடிக்கையும் செய்தார். மொழியைத் தாம் படைத்ததாகச் சொல்லாமல், சிறைப்பட்ட கிளிங்கன் ஒருவனிடம் கேட்டு எழுதியதாகவே எழுதினார்.

படப்பிடிப்பில் நடிகர்கள் நாத் தவறிச் சொல்லிவிட்டால், பல வேளைகளில் ஓக்ராண்ட் அதனைத் திருத்துவதில்லை. சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கேற்ப இலக்கணத்தை மாற்றிக் கொள்வார். இலக்கியம் முன், இலக்கணம் பின் என்னும் நம் முன்னோர் கொள்கைக்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ!

எழுத்தின் இயல்பு

நம் இலக்கண நூலார் எழுத்து, சொல் என்று முறையாகத் தொடங்குவர். நாமும் அவ்வாறே தொடங்குவோம். கிளிங்கன் மொழியில் மெய்யொலிகள் 21, உயிரொலிகள் 5, ஆக 26. நமக்குரிய குறில் நெடில் வேறுபாடு அங்கே இல்லை.

மனிதர் வாயால் ஒலிக்கத் தக்கதாகவும், அதே வேளையில் மனித மொழிகளில் ஒருங்கே காணப்படாததாகவும் ஒலித் தொகுதி அமைய வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். ஆகவே பெரும்பாலான மொழிகளில் உள்ள ககர வல்லொலியை அவர் விலக்கிவிட்டார். அதற்குப் பதிலாக, தொண்டையின் அடியில் உள்நாக்கருகே பிறக்கும் இரண்டு ஒலிகளை வைத்தார். ‘நாடு’, ‘வீடு’ என்னும் சொற்களில் நாம் ஒலிக்கும் டகரம், நாநுனி வளைந்து அண்ணத்தைத் தொடும் அதே ஒலி, அங்கே உண்டு. ஆங்கிலேயர் இதனை ஒலிக்கத் திணறுவர். தமிழ்க் குழந்தைக்கோ அது தாலாட்டிலேயே வந்துவிடுகிறது. வடமொழி ஷகரமும் அங்குண்டு. சாதாரண ஸகரம் இல்லை. டகரமும் லகரமும் ஒன்றிப் பிறக்கும் ஓர் ஒலி, அமெரிக்கப் பழங்குடி மொழிகள் பலவற்றிலும் வழங்குவது, இம்மொழியின் பெயரிலேயே முதலில் நிற்கிறது.

திணையும் எண்ணும்

சொல்லுக்கு வருவோம். உயர்திணை, அஃறிணை என்று பொருள்களை இரண்டாகப் பகுப்பது தமிழின் தனிச் சிறப்பு என்று கருதுகிறோம். ஏறக்குறைய இதையொத்த பகுப்பு ஒன்று கிளிங்கன் மொழியிலும் இருக்கிறது. அங்கே பகுப்புக்கு அடிப்படை பேச்சாற்றல். பேச வல்ல உயிர்கள் ஒரு பிரிவு; உடலுறுப்புகள் இரண்டாம் பிரிவு; ஏனைய யாவும் மூன்றாம் பிரிவு. பன்மை விகுதி இப்பிரிவை ஒட்டி வேறுபடும். ‘புக்’ என்றால் குழந்தை; ‘புக்பு’ என்றால் குழந்தைகள். ‘கோப்’ என்றால் கை. ‘கோப்டு’ என்றால் கைகள். ‘டுஜ்’ என்றால் கப்பல். ‘டுஜ்மே’ என்றால் கப்பல்கள்.

குழந்தை என்னும் சொல்லோடு பொருள்களுக்குரிய ‘மே’ விகுதியைச் சேர்த்தால் என்னவாகும்? பிழையாகாது, பொருள் மாறும். அங்குமிங்குமாய்ச் சிதறிக் கிடக்கும் குழந்தைகள் என்று பொருள்படும். விடுமுறை நாளில் சங்கக் கட்டடத்தில் விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இவ்விகுதியின் அருமை விளங்கும்.

‘என்னுடைய’ என்பதற்கும் இரண்டு விகுதிகள் உள. பேச வல்லாருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறொன்று. ‘என் நண்பன்’ என்னுமிடத்தில் பொருள்களுக்குரிய விகுதியைச் சேர்த்தால் இலக்கணப்படி சொல் நிற்கும். ஆனால் அது நண்பனைப் பழித்ததாகும். நம் மொழியில் ஒருவரை ‘அது வந்தது’ என்று சொன்னால் எத்துணை இழிவோ அத்துணை இழிவு. நன்னூலாரும் மகிழ்ச்சி, சினம், இழிப்பு முதலிய காரணங்களால் திணை மயங்கி வருதலை ஏற்றுக் கொள்கிறார். எந்த மொழியிலும் ஒருவரை மக்கள் கூட்டத்தினின்று விலக்க நினைப்பவன் முதலில் கைவைப்பது விகுதியில்தான் போலும்.

வினையும் தொடரும்

கிளிங்கன் வினையில் யார் செய்தார், யாரைச் செய்தார் என்ற இரண்டும் முன்னொட்டு ஒன்றிலேயே அடங்கிவிடும். ‘லெக்’ என்பது பார்த்தல். ‘கலெக்’ என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன். ‘சோலெக்’ என்றால் நீ என்னைப் பார்க்கிறாய். தமிழ் வினைமுற்றின் விகுதி செய்தவனை மட்டும் காட்டும். இங்கு முன்னொட்டு செய்யப்பட்டவனையும் சேர்த்துக் காட்டுகிறது.

வினைக்குப் பின் வரும் விகுதிகள் ஒன்பது வகை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வரையறுக்கப்பட்டது. ஐயத்தைக் காட்ட ஒரு விகுதி. அது நம் ‘போலும்’ போன்றது. திண்ணத்தைக் காட்ட மற்றொன்று. மேலோரிடம் பேசுகையில் சேர்க்கும் மதிப்பு விகுதியும் ஒன்றுண்டு. வினா விகுதியைக் கேட்டால் வாசகர் வியப்படைவர். ‘ஷோப் புக்’ என்றால் குழந்தை உண்கிறது. ‘ஷோப்ஆ புக்’ என்றால், குழந்தை உண்கிறதா? நம் மொழியின் ஆகார வினாவும் அவர்களுடைய வினா விகுதியும் ஒலியால் ஒத்து நிற்கின்றன! இதைக் கொண்டு கிளிங்கர் குமரிக் கண்டத்திலிருந்து சென்றவர் என்று எவரும் கட்டுரை எழுதிவிட வேண்டா. இருபத்தாறே ஒலிகளுக்குள் உலவும்போது இத்தகைய தற்செயல் ஒற்றுமைகள் நேரவே செய்யும்.

காலம் காட்டும் இடைநிலை அங்கில்லை. நேற்று, இன்று, நாளை என்னும் சொற்களே காலத்தை உணர்த்தும். செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்பதை மட்டும் விகுதி காட்டும். பண்பைக் குறிக்கத் தனிப் பெயரடையும் இல்லை. ‘டின்’ என்றால் பெரிதாயிருத்தல் என்னும் வினை. ‘டின் புக்’ என்றால் குழந்தை பெரிது. ‘புக் டின்’ என்றால் பெரிய குழந்தை. ‘குழந்தை பெரிது’ என்னும்போது ‘பெரிது’ என்பதை நம் இலக்கணத்தார் குறிப்பு வினைமுற்று என்று வகுத்திருப்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பேதும் இராது.

‘இருத்தல்’ என்னும் இணைப்பு வினையும் அங்கு இல்லை. ‘நான் தலைவன்’ என்று நாம் வினையின்றி முடிப்பது போலவே அவர்களும் முடிப்பர். 1991இல் வெளியான ஆறாம் படத்தில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் புகழ்பெற்ற தனிமொழியைக் கிளிங்கன் மொழியில் சொல்ல வேண்டி வந்தது. இருப்பதா இல்லாதொழிவதா என்று கேட்க இருத்தல் வினையே இல்லையே! ஓக்ராண்ட் ‘தொடர்தல்’ என்னும் வினையை அமைத்து இடர்ப்பாட்டைத் தீர்த்தார். பின்னர், ஆர்வலர்கள் அந்நாடகம் முழுவதையும் அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டனர்.

தொடர் அமைப்பில்தான் புதுமை மிகுதி. செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் இறுதியில் நிற்கும். ‘ஷோஜ் ஷோப் புக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘உணவு உண் குழந்தை’. மனித மொழிகளில் மிக அரிதாகக் காணப்படும் வரிசை இது. பிரேசில் நாட்டுக் காடுகளில் வழங்கும் ஹிஷ்கர்யானா மொழி இதற்கு எடுத்துக்காட்டு. வேற்றுலக மொழி என்று கேட்டவுடன் தோன்றுவதற்காகவே ஓக்ராண்ட் இதனைத் தேர்ந்தார். தமிழிலும் ‘உணவை உண்டது குழந்தை’ என்று சொல்லலாம். சொல்லை எங்கே வைத்தாலும் பொருளைக் காப்பது நம் ஐகார வேற்றுமை உருபு. கிளிங்கன் மொழியில் அத்தகைய உருபு கிடையாது. இடம் மாறினால் உணவு குழந்தையை உண்டுவிடும்.

நாவி மொழியும் ‘நாம்’ என்னும் சொல்லும்

இனி, மற்றொரு மொழியைக் காண்போம். ஜேம்ஸ் கேமரன் இயக்கி 2009இல் வெளிவந்த ‘அவதார்’ திரைப்படத்தில் பண்டோரா என்னும் நிலவில் வாழும் நீல நிற மக்கள் பேசுவது நாவி மொழி. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் பிராமர் 2005இல் இதனை ஆக்கத் தொடங்கினார். இயக்குநர் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த முப்பது சொற்கள் அளவே அவருக்குக் கிடைத்த முதல்.

கிளிங்கன் முரட்டு மொழி. நாவி இனிய ஓசையுடையது. அம்மக்களின் கைக்கு நான்கே விரல்கள். ஆதலின் அவர்கள் பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணுவர். எட்டுக்கு ‘வோல்’, எட்டெட்டு அறுபத்து நான்குக்கு ‘சாம்’. வேற்றுமை உருபுகள் உள்ளமையால் தமிழைப் போலவே சொற்களை விரும்பிய வரிசையில் அமைக்கலாம். நம் வினைச்சொல்லில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே இடைநிலை வரும். அங்கோ இடைநிலை பகுதியின் உள்ளேயே புகுந்துவிடும். ‘தரோன்’ என்றால் வேட்டையாடுதல். ‘தொலரோன்’ என்றால் வேட்டையாடி முடித்தல். ‘தயரோன்’ என்றால் இனி வேட்டையாடுதல். பேசுவோன் மகிழ்கிறானா, வருந்துகிறானா என்பதைக் காட்டவும் இடைநிலைகள் உண்டு. சொற்புணர்ச்சியும் உண்டு. நம் மொழியில் வல்லினம் மிகும். அங்கு வல்லொலி மெலியும். ‘தரோன்யு’ என்பது வேட்டுவன். பன்மை முன்னொட்டுச் சேர்ந்தால் ‘அய்சரோன்யு’ என்று தகரம் சகரமாகும்.

நாவி மொழியில் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வினையும், ஒருவரின் உள்ளத்தை உணர்ந்து காண்பதற்கு வேறொரு வினையும் இருக்கின்றன. ஒருமை, இருமை, மும்மை, பன்மை என்று எண் நான்கு வகை. எல்லாவற்றிலும் நம் கருத்தைக் கவர்வது தன்மைப் பன்மை. கேட்போனை உளப்படுத்திச் சொல்வதும், விலக்கிச் சொல்வதும் அங்கே வெவ்வேறு சொற்கள். ‘ஒயெங்’ என்றால் நானும் நீயும். ‘மொயெ’ என்றால், உன்னை விடுத்து, நானும் மற்றொருவரும். நம் ‘நாம்’, ‘நாங்கள்’ என்பனவே இவை.

இங்குச் சற்று நின்று நம் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. இந்தியின் ‘ஹம்’ என்னும் சொல்லிலும் இல்லை. வங்காளியின் ‘ஆம்ரா’விலும் இல்லை. மராத்தியில் ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ என்றும், குஜராத்தியில் ‘அமே’, ‘ஆபணே’ என்றும் இவ்வேறுபாடு உண்டு. ஆகவே தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகள் அக்கம்பக்கத்துப் பேச்சிலிருந்து இதனைப் பெறுவதற்கு வழியில்லை; வீட்டிலிருந்து பெற்றால்தான் உண்டு. பெறாத குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியைப் பார்த்து, ‘நாங்கள் சாப்பிடலாமா?’ என்று அன்போடு அழைக்கும். குழந்தையின் மனத்தில் பாட்டி இருக்கிறாள். சொல்லில் அவள் இல்லை. பாட்டி சிரித்துக்கொண்டே இலை முன் அமர்ந்துவிடுவாள். எனினும், அந்த ஒரு சொல்லில் இழந்தது சிறிதன்று. விண்ணுலக மக்களுக்கு மொழி ஆக்கிய பேராசிரியர் இந்த நுட்பம் வேண்டும் என்று தேடி எடுத்து வைத்திருக்கிறார். நாமோ பிறப்பிலேயே பெற்ற அதனைக் கவனியாமல் கைநழுவ விடுகிறோம்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. 2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ படத்தில் காலகேயர் என்னும் கூட்டத்தார் பேசும் ‘கிளிக்கி’ மொழியை ஆக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ‘மின்’ என்றால் நான். அதனைத் திருப்பினால் ‘நிம்’, நீ. எதிர்ப்பொருளுக்கு எதிர் ஒலி என்னும் எளிய விதியால் கற்பார்க்கு நினைவில் நிற்கும்படி செய்தார்.

கற்போரும் கற்ற குழந்தையும்

கிளிங்கன் மொழியைக் கற்போர் 1992இல் அமெரிக்காவில் ஒரு கழகம் நிறுவினர். ஆண்டுதோறும் கூடுகின்றனர். 2010இல் நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் அம்மொழியில் இசை நாடகம் ஒன்று அரங்கேறிற்று. 2018இல் டுவோலிங்கோ என்னும் கைப்பேசிக் கல்விச் செயலியில் கிளிங்கன் பாடம் சேர்க்கப்பட்டது. மொழியொன்றுக்கு உரிமையாளர் இருக்க முடியுமா என்னும் வினாவும் எழுந்தது. ஸ்டார் டிரெக் உரிமை பற்றிய வழக்கொன்றில், பேசுவோர் உள்ள மொழி எவருடைய தனியுடைமையும் ஆகாது என்று மொழி ஆர்வலர் கழகம் ஒன்று 2016இல் வாதிட முன்வந்தது. 2017இல் அவ்வழக்குச் சமரசத்தில் முடிந்தது.

இவை யாவும் வளர்ந்தவர் விரும்பி மேற்கொண்டவை. ஒரு குழந்தைக்கு இம்மொழி தாய்மொழியாகுமா? 1990களில் அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். தம் மகன் பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவனிடம் கிளிங்கன் மொழியிலேயே பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினாள். குழந்தை தந்தையின் மொழியைப் புரிந்து கொண்டான். ஒலிகளையும் நன்கு பிடித்துக் கொண்டான். பிறகு, மெல்ல மெல்ல அம்மொழியில் மறுமொழி சொல்ல விருப்பமின்றி விலகினான். தந்தையும் முயற்சியைக் கைவிட்டார்.

காரணம் யாது? இலக்கணத்தில் குறை இல்லை. படைக்கலத்துக்கும் விண்கப்பலுக்கும் சொல் இருந்தது. பால் குடிக்கும் புட்டிக்குச் சொல் இல்லை. குழந்தைக்குக் கட்டும் துணிக்குச் சொல் இல்லை. ஒருவரை வரவேற்கும் முகமன் சொல்லும் அங்கில்லை, ‘நுக்நெக்’ என்பர், ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று பொருள். அனைத்துக்கும் மேலாக, அம்மொழியில் பேசுவதற்கு அக்குழந்தைக்குத் தந்தை ஒருவரே இருந்தார். தாய், பாட்டி, அண்டை வீட்டுப் பிள்ளை என்று வேறெவரும் இல்லை. ஒருவரோடு மட்டும் பேசப் பயன்படும் மொழியைக் குழந்தை மொழியாக மதிப்பதில்லை.

நம் வீடுகளில் தந்தையோ தாயோ தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ விடை சொல்வதைக் காணாதவர் யார்? ‘புரிகிறது, பேச வரவில்லை’ என்று நாம் அதற்குச் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். அந்தக் குழந்தையும் அப்படித்தான் தொடங்கினான். அவனுக்கு நேர்ந்த இழப்புப் பெரிதன்று. அவனுக்காகக் கிளிங்கன் மொழியில் காத்திருந்த பாட்டி எவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறார்கள்.

ஓக்ராண்ட் எழுதிய மற்றோர் இலக்கணம்

இவ்வரலாற்றில் பலரும் அறியாத பகுதி ஒன்று உண்டு. கிளிங்கன் இலக்கணம் எழுதுவதற்கு முன் மார்க் ஓக்ராண்ட் வேறோர் இலக்கணம் எழுதியிருந்தார். 1977இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது முட்சுன் என்னும் மொழி. கலிபோர்னியாவில் ஸ்பானியர் 1797இல் நிறுவிய சான் ஹுவான் பவுதிஸ்தா சமய நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த பழங்குடி மக்களின் மொழி அது. ஓக்ராண்ட் எழுதிய காலத்தில் அம்மொழியைப் பேச ஒருவரும் இல்லை. சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் காலமாகிவிட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில் ஜான் ஹாரிங்டன் என்னும் ஆராய்ச்சியாளர் அம்மூதாட்டியைக் கண்டு, அவர் நினைவிலிருந்த சொற்களையும் தொடர்களையும் எழுதி வைத்தார். மூதாட்டி நாட்டு மருத்துவம் அறிந்தவர். செடிகொடிகளின் பெயர்களும் மருந்துகளின் பெயர்களும் அக்குறிப்புகளில் இடம்பெற்றன. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், பெலிப்பே அரோயோ என்னும் பாதிரியாரும் அம்மொழியைக் குறித்து வைத்திருந்தார். இந்த ஏடுகளைக் கொண்டே ஓக்ராண்ட் இலக்கணம் அமைத்தார்.

பேசுவோர் இல்லாத மொழியின் இலக்கணம் எவருக்குப் பயன்படும் என்று அந்நாளில் கேட்டிருக்கலாம். 1990களில் அம்மக்களின் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் மொழியைக் கற்க வேண்டும் என்று புறப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்தவை அந்தப் பழைய குறிப்புகளும், ஓக்ராண்டின் ஆராய்ச்சியுமே. மொழியியலாளர் துணையோடு அவர்கள் உழைத்து, 2016இல் முட்சுன் அகராதியை நூலாக வெளியிட்டனர். பாட்டியிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய சொல்லை அவர்கள் ஏட்டில் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர்.

ஒரே அறிஞர்; இரண்டு இலக்கணங்கள். ஒன்று, ஒருபோதும் இல்லாத மக்களுக்காக எழுதப்பட்டது. உலகெங்கும் ஆர்வலரைப் பெற்றது. மற்றொன்று, இருந்து மறைந்த மொழிக்காக எழுதப்பட்டது. கற்க விழைவோர் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள். கிளிங்கன் மொழியில் ஒரு சொல் இல்லையெனில் ஓக்ராண்ட் புதிதாக ஆக்கித் தரலாம். முட்சுன் மொழியில் மூதாட்டி சொல்லாமல் விட்ட சொல்லை எவர் தர இயலும்?

நாம் செய்யத்தக்கது

தமிழுக்கு அந்நிலை வராது, கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். தமிழ் வாழும் என்பதில் ஐயமில்லை. நம் குடும்பத்தில் வாழுமா என்பதே வினா. மொழியின் சாவு வீடுவீடாகவே நிகழ்கிறது. மும்பையில் ஒரு வீட்டில் தமிழ் நின்றுவிட்டால், மதுரையில் அதனைப் பேசுவோரின் தொகை அந்த வீட்டுக்கு ஈடு செய்யாது.

பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்பிக்கத் தொடங்குவது பெரும்பாலும் நெடுங்கணக்கும் மனப்பாடச் செய்யுளும். அவை வேண்டியவையே. ஆனால், மேலே கண்ட குழந்தையின் கதை சொல்வது வேறு. படைக்கலத்துக்குச் சொல் இருந்து பால் புட்டிக்குச் சொல் இல்லாத மொழி வீட்டில் நிற்காது. விழா மேடைக்குத் தமிழும் அடுக்களைக்கு வேற்றுமொழியும் என்று நாம் பிரித்துக் கொண்டால், நம் தமிழும் அந்நிலையை அடையும். கரண்டி, இடுக்கி, சல்லடை, கொடியில் உலரும் துணி, காலில் குத்திய முள், அத்தை, சித்தி, பெரியம்மா ஆகிய சொற்களே ஒரு மொழியை வீட்டில் நிறுத்தும் தூண்கள். மூவரையும் ‘ஆன்ட்டி’ என்று அழைக்கும் பிள்ளைக்குச் சொல் மட்டுமா குறைகிறது? உறவின் கிளை எது என்ற அறிவும் குறைகிறது.

அன்பர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். அதில் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளே எழுதட்டும். தஞ்சையிலிருந்து வந்தவர் முறம் என்பார், நெல்லையிலிருந்து வந்தவர் சுளகு என்பார், இரண்டையும் எழுதட்டும். அரிவாள்மணை, அம்மி, அகப்பை, உறி என்று நகர வாழ்வில் பொருளே மறைந்துவிட்டவற்றின் பெயர்களையும் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். எழுதிய சொல்லை அன்று வீட்டில் ஒருமுறையேனும் பேச்சில் வழங்க வேண்டும் என்பதே விதி. தமிழ் பேசும் மற்றொரு வீட்டுப் பிள்ளையோடு வாரம் ஒருமுறை விளையாட விடுவதும் இன்றியமையாதது. பேசுவதற்குப் பெற்றோர் மட்டுமே இருந்தால் பிள்ளை சலித்து விலகுவான்.

ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கும் நாள்கள் ஆண்டில் சிலவே. அசென்சியோன் சொலோர்சானோவிடம் ஒருவர் ஏட்டோடு சென்று அமர்ந்தது அவருடைய இறுதி ஆண்டில். நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டி அடுத்த முறை வரும்போது பிள்ளையின் கையில் குறிப்பேட்டைக் கொடுத்து அவர் அருகே அமர்த்துங்கள். எழுதி முடித்ததும், ‘நாம் சாப்பிடலாம், வாருங்கள் பாட்டி’ என்று அப்பிள்ளையே அழைக்கட்டும்.